மனுவின் ஐந்தாவது வரி

தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்கச் சொன்னாள் கேட்டில் நின்ற பெண் போலீஸ். திறந்தேன். வாங்கி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். சீரகம் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், காலையில் நானே ஊற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் மோந்து முடிக்கிற அந்த நேரத்துக்குள் அதில் மண்ணெண்ணெய்தான் இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. "தப்பா நெனைக்காதீங்கக்கா, திங்கக்கெழமையானா எல்லாரையும்தான் பாக்கறோம்" என்றாள். நான் தப்பாக நினைக்கவில்லை. யாராவது என்னைச் சோதித்தால் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று முதலில் தோன்றும், சோதிக்கிறவர்கள்மேல் கோபம் வராது. பை, பர்ஸ், பிரஷர் மாத்திரைச் சீட்டு, மனு. மனுவைப் பிரித்துப் படித்துவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்தேன். அவள் அதைத் தொடக்கூட இல்லை. கலெக்டர் ஆபீஸுக்குள் வந்து வரிசையில் நின்ற பிறகும் அந்தப் பாட்டிலே மனசுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. மேலே ஊற்றிப் பற்றவைத்துக்கொள்கிற அளவுக்கு வெந்துபோனவர்கள் வருகிற இடம் இது. அவர்களுக்கு நிலம் போயிருக்கும், பிள்ளை போயிருக்கும். எனக்கு என்ன போயிற்று? சம்பளம் போகவில்லை. யாரும் கையை ஓங்கவில்லை. வீட்டில் ஒரு இட்லிச் சட்டி கூடுதலாகத்தான் இருக்கிறது. பந்தலுக்கு அடியில் முப்பது நாற்பது பேர், எல்லார் கையிலும் காகிதம். என் காகிதம் மட்டும் என் உள்ளங்கை வேர்வையில் நனைந்துகொண்டு வருகிறது. கையை மாற்றிக்கொள்கிறேன். அந்தக் கையும் நனைகிறது. திரும்பிப் போய்விடலாம். கேட்டில் அவள் எதுவும் கேட்க மாட்டாள், வெளியே போகிறவர்களை யாரும் சோதிப்பதில்லை.

மனுவில் மொத்தம் பதினோரு வரி. ஐந்தாவது வரி பொய். அதைப் பார்க்காமலிருக்கத்தான் நாலாக மடித்து வைத்திருக்கிறேன், ஆனால் மடிப்புக்குள் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலுக்குத் தெரிகிறது. வெளியே ரோட்டோரம் குடை நட்டு உட்கார்ந்திருந்தவர் எழுதிக்கொடுத்தார். நல்ல மனுஷன், உட்காரச் சொல்லி நாற்காலியெல்லாம் போட்டார். "என்ன சொல்லித் திட்டினாங்க?" என்று கேட்டார். திட்டவில்லை என்றேன். "பேரச் சொன்னாங்களா, சாதிப் பேரு?" இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "வீட்டக் காலி பண்ணச் சொன்னாங்க, சரி. வாடகைக்கு விட்டவங்க காலி பண்ணச் சொல்றது எங்கயும் நடக்கறதுதானம்மா. வேலைய மாத்திட்டாங்க, சரி. சம்பளத்தக் கொறச்சாங்களா?" இல்லை என்றேன். என் வாயிலிருந்து இல்லை இல்லை என்றே வந்துகொண்டிருந்தது. ஒன்றுமே நடக்காத ஒருத்தி மனு எழுத வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "நாலு பேருக்கு முன்னால பேரச் சொல்லித் திட்டினாங்கன்னு இருந்தாத்தான் வன்கொடுமைச் சட்டத்துல நிக்கும். இல்லீன்னா வாங்கி அப்படியே ஓரமா வெச்சிருவாங்க. நான் இருவது வருசமா எழுதறேன், எனக்குத் தெரியாததா? போட்டுரட்டுமா?" நான் பேசாமல் இருந்தேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு எழுதிவிட்டார். மேற்படி நாகமணி என்பவர் பொது இடத்தில் அக்கம்பக்கத்தினர் முன்னிலையில் என்னைச் சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகத் திட்டி. அழகான கையெழுத்து. படித்தபோது எனக்கே நடந்த மாதிரி இருந்தது. நான் பேசாமல் இருப்பதை எல்லோரும் அவரவருக்குத் தோதாக எடுத்துக்கொள்கிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டை வாடகைக்கு விட்ட நாகமணி அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பின்னால் நிற்கிற அம்மா தோளைத் தொட்டு, "உங்களுக்கு என்ன விசயமுங்க?" என்கிறாள். ஐம்பது வயசு இருக்கும், கட்டம்போட்ட சேலை, அண்ணன் தம்பிகள் பட்டாவில் தன் பேரை எடுத்துவிட்டார்கள் என்று வந்ததிலிருந்து முன்னால் பின்னால் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். தன் விஷயத்தை இப்படி உரக்கச் சொல்ல முடிகிறவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ரேஷன் கார்டு என்றேன். "பேரு சேக்கறதா, எடுக்கறதா?" எடுக்கிறது என்று வாயில் வந்துவிட்டது. யார் பேரை என்று கேட்டால் என்ன சொல்வேன், வீட்டில் யாரும் சாகவில்லையே. அவள் அதைக் கேட்கவில்லை. "எந்த ஊருங்க உங்களுக்கு?" ஆனைமலைப் பக்கம் என்றேன். "ஆனைமலைல எங்கீங்க?" பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என்றேன். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு இந்தக் கணக்கு சின்ன வயசிலிருந்தே தெரியும். முதலில் ஊரைக் கேட்பார்கள். அப்புறம் ஊரில் எந்தப் பக்கம், எந்த வீதி. அப்புறம் அப்பா பேர். அப்பா என்ன பண்ணினார். ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டே வந்து கடைசி அறையில் நிறுத்திவிடுவார்கள். கேட்கிறவர்களுக்கு அது வெறும் பேச்சு, பொழுது போகக் கேட்கிறார்கள். வரிசை இரண்டடி நகர்கிறது. தண்ணீர் குடிக்கிறேன். குடித்தால் ஒன்றுக்கு வரும், போனால் இடம் போய்விடும். மூடியை இறுக்கி வைக்கிறேன். முன்னால் மேசையில் உட்கார்ந்திருக்கிற அதிகாரி ஒவ்வொரு மனுவாகப் படித்து, எந்த ஆபீஸுக்கு என்று மேலே எழுதி, பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பெண்ணிடம் தள்ளுகிறார். அவர் சத்தமாகக் கேள்வி கேட்கிறார். இங்கே வரைக்கும் கேட்கிறது. அப்படியானால் நான் சொல்வதும் இங்கே வரைக்கும் கேட்கும்.

அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை. இதை எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். வீடு பார்க்கப் போன அன்று நாகமணி அக்கா பாலைப் போசிப் பாத்திரத்தில் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள், நான் மகள் மோனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். "உள்ள வா கண்ணு, எதுக்கு வெயில்ல நிக்கற" என்றார்கள். ஊர் கேட்டார்கள், ஆனைமலைப் பக்கம் என்றேன். "அங்க எங்க பெரியப்பன் வகையறா இருக்கறாங்க. அவிய வீட்டுப் பக்கமா?" பக்கந்தானுங்க என்றேன். அதுவும் பொய்யில்லை, அந்த வீட்டுத் தோப்புக்குப் பின்னால்தான் எங்கள் ஆளுகள் குடியிருக்கிற வளவு, அந்தத் தோப்பில்தான் என் அப்பா தேங்காய் உரித்தார். அக்கா என்னைக் காலிலிருந்து தலைவரைக்கும் பார்த்துவிட்டு, "பாத்தாவே தெரியுது, நம்ம ஆளுகளாட்டத்தான் இருக்கற" என்றார்கள். நான் சிரித்தேன். அவ்வளவுதான். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்துவிட்டுக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டேன். அதற்கு முன்னால் அக்காவின் ஊரில் ஏழு வீடு பார்த்திருந்தேன். ஏழு வீட்டிலும் கேட்டார்கள், ஏழு வீட்டிலும் சொன்னேன், ஏழு வீடும் நேற்றுத்தான் வேறு யாருக்கோ பேசி முடிந்திருந்தது. எட்டாவது வீட்டில் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது விசாரணையில் எடுத்து வைப்பார்கள். ஏமாத்தி உள்ள வந்தவ சார் இவ என்று அக்கா சொன்னால் நான் என்ன சொல்வது? சிரிச்சது தப்புங்களா என்று கேட்கவா? தப்பில்லை என்று யார் சொல்வார்கள்? நாலு வருஷம் அந்தச் சிரிப்புக்குள்தான் குடியிருந்தேன். அக்கா வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மோனிஷாவுக்கு டெங்கு வந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட வந்து இரண்டு நாள் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவை அவர்கள் நல்லது செய்யும்போதும் எனக்குப் பயம் ஒரு படி கூடும். இது எனக்குச் செய்வதில்லை, அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிற யாருக்கோ செய்கிறார்கள், அவள் பேரில் நான் வாங்கிக்கொள்கிறேன் என்று இருக்கும். ஊரிலிருந்து அம்மா வந்தால் வாசலில் வைத்துப் பேசாதே என்று உள்ளே இழுத்துக்கொள்வேன். பெத்த தாயை.

ஒரு காகிதம்தான் எல்லாவற்றையும் திறந்துவிட்டது. மோனிஷாவுக்கு ஸ்காலர்ஷிப் வாங்கச் சாதிச் சான்றிதழ் கேட்டார்கள், பழையது செல்லாது, கம்ப்யூட்டரில் புதிதாக எடுக்க வேண்டும் என்றார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். விசாரிக்க வீட்டுக்கு ஆள் வருவார்கள் என்று அந்த நிமிஷம் தோன்றவில்லை. வி.ஏ.ஓ. ஆபீஸிலிருந்து உதவியாளர் வந்தபோது நான் வேலைக்குப் போயிருந்தேன். அவர் அக்கா வீட்டுக் கேட்டில் நின்று காகிதத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்து, இவங்க இங்கதான் குடியிருக்கறாங்களா என்று கேட்டிருக்கிறார். அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மோனிஷா மொட்டை மாடியிலிருந்து கேட்டிருக்கிறாள். அன்று சாயங்காலம் நான் வந்தபோது அக்கா வழக்கம்போல வாசலில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். "வந்துட்டயா கண்ணு" என்றார்கள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. மறுநாள், "பாலு பத்தறதில்ல, நாளையில இருந்து கடையில வாங்கிக்க கண்ணு" என்றார்கள். சரிங்க என்றேன், மாடு கறவை குறைந்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கு அடுத்த நாள், அவர்களிடம் இரவல் வாங்கியிருந்த இட்லிச் சட்டியைத் தேய்த்துத் துடைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். புதுச் சட்டி, அவர்கள் மருமகள் வாங்கிக் கொடுத்தது. அக்கா கையை நீட்டவில்லை. "நீயே வெச்சுக்க கண்ணு" என்றார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, என் புருஷன் ஆறுச்சாமியிடம் காட்டினேன், பாருங்க அக்கா சும்மாவே குடுத்துட்டாங்க என்று. அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மாச நடுவில், சுவரெல்லாம் பெயர்ந்திருக்குது, பூச்சு வேலை பார்க்கணும், இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக்க சாமி என்றார்கள். சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா வீட்டுப் பால்தான் நான் சமையல் செய்கிற பெண்கள் விடுதிக்கும் போகிறது. பாலோடு பேச்சும் போயிருக்கும். வார்டன் மேனகா மேடம் என்னைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் பிரஷர் இருக்குதே, அடுப்புச் சூட்டுல எதுக்குக் கஷ்டப்படற, வெளிய ஒக்காந்து காய் நறுக்கிக் குடு" என்றார்கள். அப்புறம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "காய் வேண்டாம். பாத்திரம் பாத்துக்க. சம்பளம் அதேதான், கவலப்படாத" என்றார்கள். காய் வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு நிமிஷம். அதை எந்தச் சட்டத்தில் எழுதுவது? அறுபது பிள்ளைகளுக்கு நாலு வருஷம் பொங்கிப் போட்டவள் இப்போது பின்வாசலில் உட்கார்ந்து அவர்கள் தட்டைக் கழுவுகிறேன். ஒரு பெண் வந்து, "ஏங்கக்கா நீங்க செய்யறதில்ல, ரசமே நல்லால்ல" என்றாள். பிரஷரும்மா என்றேன்.

பையில் போன் அதிர்கிறது. ஆறுச்சாமிதான், மூன்றாவது தடவை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எடுத்தால் பின்னால் இருக்கிற ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டுவிடும். அவருக்கு இது பிடிக்காது. கோழை இல்லை அவர், தென்னை நார் மில்லில் மிஷினுக்குள் கைவிட்டு ஒரு ஆளை இழுத்துப் போட்டவர். ஆனால் இந்த ஒரு விஷயத்தில், "விட்டுரு சுலோச்சனா, வேற ஊரு பாக்கலாம், அவங்க ஒண்ணும் சொல்லலியே" என்கிறார். வேற ஊரில் எட்டாவது வீட்டில் மறுபடி சிரிக்க வேண்டும். இந்தத் தடவை மோனிஷாவும் சேர்ந்து சிரிக்க வேண்டும், அவளுக்குப் பதினாறு வயசாகிவிட்டது, அவளையும்தான் கேட்பார்கள். அவள் ஒன்றும் பேசுவதில்லை. மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். நேற்று முடி பின்னிக்கொண்டிருந்தபோது கண்ணாடியைப் பார்த்தபடியே, "என்னையப் பாத்தாலும் தெரியாதாம்மா?" என்று கேட்டாள். என்ன தெரியாதா என்று நான் கேட்கவில்லை. அதற்காகத்தான் வந்தேன், அந்தக் கேள்விக்காகத்தான். இப்போது இந்த ஐந்தாவது வரியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். இதைக் கொடுத்தால் போலீஸ் அக்கா வீட்டுக்குப் போகும். அக்காவுக்கு முழங்கால் வலி, ஜீப்பில் ஏற முடியாது, யாராவது தூக்கி ஏற்ற வேண்டும், வீதியே நின்று பார்க்கும். அதை நினைத்தபோது ஒரு நொடி எனக்கு இனித்தது. உண்மையாகவே இனித்தது, அப்புறம் அந்த இனிப்பைக் கண்டு பயந்துவிட்டேன். அக்கா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், ஏதாவது வெளியே வந்திருக்கும். கண்ணு, சாமி என்று சொல்லிக்கொண்டே என்னை வெளியே வைத்துவிட்டார்கள். அது இந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. நடக்காததுதான் இருக்கிறது. நடக்காததை வைத்து ஜெயித்தாலும் நடந்தது நடக்காததாகவே ஆகிவிடும். தோற்றால், பொய்க் கேஸ் போட்டவள் என்று ஊரெல்லாம் சொல்வார்கள், அப்புறம் எங்கள் ஆளுகளில் யாராவது உண்மையாகவே திட்டு வாங்கி மனுவோடு வந்தாலும் என் பேரைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் மனுவில் என்ன மிச்சம்? ஒரு இட்லிச் சட்டி. எனக்கு முன்னால் நாலு பேர். மூன்று பேர். போய்விடலாம். பின்னால் அந்தக் கட்டம்போட்ட சேலைக்காரி, "நகருங்க, உங்க முறைதான்" என்கிறாள்.

கொடுத்துவிட்டேன். எப்படிக் கொடுத்தேன் என்று தெரியவில்லை, காகிதம் அவர் கையில் இருக்கிறது. ஈரமாக இருப்பதைப் பார்த்து ஓரத்தைப் பிடித்துப் பிரிக்கிறார். கண்ணாடி போட்ட மனுஷர், நாற்பத்தைந்து வயசு, முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. படிக்கிறார். அவர் கண் எந்த வரியில் போகிறது என்று எண்ணிக்கொண்டு வருகிறேன். மூன்று, நாலு. நின்றுவிட்டது. "சாதிப் பேரச் சொல்லித் திட்டினாங்கன்னு போட்டிருக்குதே, தேதி இல்லையே. என்னைக்கு?" என்கிறார். நான் அவர் மேசைமேல் இருக்கிற ரப்பர் ஸ்டாம்பைப் பார்க்கிறேன். "அக்கம்பக்கத்தினர்னா யாரும்மா? பேர் வேணும். அவங்க வந்து சாட்சி சொல்லுவாங்களா?" ஸ்டாம்பு மை ஊதா நிறம். இப்போதும் பேசாமல் நின்றால் இவரும் ஏதாவது ஒன்றாக எடுத்துக்கொள்வார். "அது நடக்கலைங்க சார்" என்றேன். என் குரலா அது என்று இருந்தது. அவர் நிமிர்ந்தார். "நடக்கலையா? அப்ப எதுக்கு எழுதியிருக்குது?" "எழுதிக் குடுத்தவரு போட்டாருங்க. போடலைன்னா நிக்காதுன்னாருங்க. நான் வேண்டாம்னு சொல்லலைங்க சார், எம்மேலயும் தப்பிருக்குது." "பொய்ப் புகார் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?" தெரியுங்க என்றேன். தெரியாது. திருப்பிக் கொடுத்துவிடுவார், வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று கைகூட நீண்டுவிட்டது. அவர் கொடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்னதான் நடந்துச்சு?" என்றார். நான் சொன்னேன். சிரித்ததிலிருந்து தொடங்கினேன், அதை மறைத்தால் மற்றது எதையும் சொல்ல முடியாது என்று அப்போது தோன்றியது. பால், சட்டி, இல்லாத கீறல், காய் வேண்டாம் என்றது. சொல்லச் சொல்ல எல்லாம் சின்னதாகிக்கொண்டே போயிற்று. "சட்டிய நீயே வெச்சுக்கன்னு குடுத்தாங்க. அது குத்தமாம்மா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே எழுத ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. "குடுக்கலைங்க சார். நான் தொட்டத அவங்க திருப்பி வாங்கல" என்றேன். கம்ப்யூட்டர் பெண் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்படி எழுதினா பலம் கம்மிதாம்மா. இழுத்துட்டே போகும். மறுபடி மறுபடி வரணும்" என்றார். சரிங்க என்றேன். "அவங்களையும் விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. எதுத்தாப்புல ஒக்கார வெச்சுத்தான் கேப்பாங்க. சொல்லுவீங்களா?" அக்காவின் முகம் எதிரில், வெற்றிலைச் சிவப்பு உதடு, என்ன கண்ணு இப்படிப் பண்ணிட்டே என்று கேட்கப் போகிற கண். சொல்கிறேன் என்று தலையாட்டினேன். அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார். "அந்த வரிய அடிச்சுட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க. நடந்தத நீங்களே கீழ எழுதுங்க." பின்னால் வரிசையில் முணுமுணுத்தார்கள், இவ்வளவு நேரமா என்று. அழகான கையெழுத்துக்குக் கீழே என் கோணல் எழுத்தில் எழுதினேன். பத்தாவதுக்கு அப்புறம் நான் இத்தனை வரி சேர்ந்தாற்போல எழுதியதில்லை. ஈரத்தில் இரண்டு இடத்தில் காகிதம் பொத்துக்கொண்டது. யாரும் என்னைத் திட்டவில்லை என்றுதான் ஆரம்பித்தேன், மற்றது தானாக வந்தது. அவர் வாங்கி மேலே ஆதிதிராவிடர் நலம் என்று எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் பேர் கேட்டாள், முகவரி கேட்டாள். பிறகு, "சமுதாயம்?" என்றாள். சொன்னேன். "ஃபேன் சத்தத்துல கேக்கலைங்கக்கா, கொஞ்சம் சத்தமா." என் முதுகுக்குப் பின்னால் அந்தக் கட்டம்போட்ட சேலை உரசுகிற தூரத்தில் நிற்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னது ரேஷன் கார்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். நாலு வருஷமாக இந்த வார்த்தையை நான் வெளியில் சொன்னதில்லை, வீட்டுக்குள்கூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான். "அருந்ததியர்" என்றேன். உரக்கவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் தட்டினாள். வேறு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் என்ன நடந்தது, அந்த அம்மா நகர்ந்துகொண்டாளா, அப்படியே நின்றாளா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. எண் போட்ட சீட்டைக் கையில் கொடுத்து, "ஒரு வாரத்துல லெட்டர் வரும்" என்றாள்.

பந்தலுக்கு வெளியே வந்தால் வானம் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது, மேற்கே மலைப்பக்கம் பெய்யத் தொடங்கிவிட்டது. சைக்கிள் ஸ்டாண்டுச் சுவர் ஓரமாகவே வந்தேன். என்ன செய்துவிட்டேன். இன்னும் பத்து நாள் அதே வீட்டில் இருக்க வேண்டும். லெட்டர் எனக்கு வருகிற அன்றைக்கே அவர்களுக்கும் வரும், ஒரே தபால்காரர்தான், ஒரே கேட்டுத்தான். ஆறுச்சாமியிடம் என்ன சொல்வது? விடுதியில் நாளைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொல்லட்டும், அதையும் எழுதலாம் என்று ஒரு நினைப்பு வந்தது, எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை, வந்த வேகத்தில் போய்விட்டது, திரும்பப் பயம்தான் இருந்தது. போன் அதிர்ந்தது. ஆறுச்சாமி என்று நினைத்து எடுத்துவிட்டேன். நாகமணி அக்கா.

"எங்க கண்ணு இருக்கற? இங்க மழ புடிச்சிருச்சு. மாடில உந்துணி அத்தனையும் காயுது. வந்து எடுத்துக்க."

முன்னெல்லாம் மழை தூறினால் அவர்களே முழங்கால் வலியோடு மாடியேறி எடுத்து, மோனிஷாவின் யூனிஃபார்மைத் தனியாக மடித்து என் வாசல்படியில் வைத்துவிடுவார்கள். இப்போது போன் செய்து சொல்கிறார்கள். சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனாலும் மனசு கேட்காமல் சொல்கிறார்கள். எடுத்து வைக்க மட்டும் முடியவில்லை. சரிங்க அக்கா, வந்துட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். நாக்கு அதைச் சொல்லத்தான் தயாராகிறது, நாலு வருஷப் பழக்கம்.

"நனஞ்சா நனையட்டுங்க அக்கா" என்றேன். "நான் கலெக்டர் ஆபீஸ்ல இருக்கறனுங்க. உங்க பேர்ல ஒரு மனு குடுத்திருக்கறேன். மேனகா மேடம் பேர்லயும்."

மழைச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டது. தகரத்தில் விழுகிற சத்தம், மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்கிறார்கள் போலிருக்கிறது.

"எம் பேர்லயா?" என்றார்கள். கோபமில்லை, குரல் சின்னதாக இருந்தது. "நான் உன்னைய ஒண்ணுமே சொல்லலியே கண்ணு."

"ஆமாங்க அக்கா. நீங்க ஒண்ணும் சொல்லலைன்னுதான் எழுதியிருக்கறேன்."

அவர்கள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.